பட்டா இருப்பவர் மட்டும்தான் விவசாயியா? டிஜிட்டல் விவசாயம் பற்றிக் குமரி மாவட்டத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தோவாளைப் பூ விவசாயி முதல் பேச்சிப்பாறைப் பக்கம் ரப்பர் வைத்திருப்பவர் வரை எல்லோரிடமும் இப்போது ஏதாவது ஓர் எண் கேட்கிறார்கள். ஆதார் எண், பட்டா எண், விவசாயி அடையாள எண், ஓடிபி. இதெல்லாம் எதற்கு, கொடுத்தால் என்ன, மறுத்தால் என்ன என்று கேட்பவர்களுக்காக இந்தப் பக்கம். எழுதுபவருக்கு ஒரு சார்பு உண்டு, அதையும் சொல்லிவிடலாம்: இயந்திரத்தின் மேல் கோபம் இல்லை, பதிவேட்டில் விடுபட்டுப் போகிறவர்கள் மேல்தான் அக்கறை.

டிஜிட்டல் விவசாயம் என்றால் ட்ரோன், சென்சார்தானே? அது நம் ஊருக்கு எங்கே வரப் போகிறது?

வந்தாயிற்று, ட்ரோனாக அல்ல, பதிவேடாக. 2024 செப்டம்பர் 2 அன்று மத்திய அமைச்சரவை 2,817 கோடி ரூபாய் மதிப்பில் டிஜிட்டல் வேளாண் இயக்கத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. அதன் நடுமையம் அக்ரிஸ்டாக் என்ற ஏற்பாடு. அதில் மூன்று பதிவேடுகள்: விவசாயி யார், நிலம் வரைபடத்தில் எங்கே இருக்கிறது, அந்த நிலத்தில் இந்தப் பருவம் என்ன பயிர். இந்த மூன்றையும் ஒன்றோடொன்று பூட்டிவிட்டால் மானியம், கடன், காப்பீடு, நிவாரணம் எல்லாம் அந்தப் பூட்டின் வழியாகத்தான் வரும். அரசின் உழவன் செயலி, மத்திய அரசின் பிஎம் கிசான் உதவித்தொகை, இணையவழிப் பட்டா, ரப்பர் தோட்டத்தின் ஜிபிஎஸ் அளவு எல்லாமே இந்தக் கணக்கில் சேர்ந்தவை.

இதில் மனித உரிமை எங்கே வருகிறது? இது வெறும் கம்ப்யூட்டர் வேலைதானே?

ஒருவருக்கு வரவேண்டிய பணம் வராமல் போனால், அதைத் தீர்மானித்தது தாசில்தாரா சர்வரா என்பது அவருக்கு ஒரு பொருட்டில்லை. ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2018 டிசம்பர் 17 அன்று விவசாயிகள், கிராமப்புற உழைப்பாளிகள் உரிமைகள் பற்றிய பிரகடனத்தை ஏற்றது. 121 நாடுகள் ஆதரவு, 8 எதிர்ப்பு, 54 நடுநிலை. ஆதரித்த நாடுகளில் இந்தியாவும் ஒன்று. நிலம், விதை, தகவல் ஆகியவற்றின் மேல் உள்ள உரிமையும், தங்களைப் பாதிக்கும் முடிவுகளில் பங்கேற்கும் உரிமையும் அதில் இருக்கின்றன. பிரகடனம் சட்டம் ஆகாது. அதைக் காட்டி நீதிமன்றத்தில் நேரே நிற்க முடியாது. ஆனால் கையெழுத்துக்குச் சமமான வாக்கைப் போட்டுவிட்டு வந்த அரசிடம் ஏன் இப்படி என்று கேட்க அது போதும்.

உள்நாட்டுச் சட்டம் வேண்டுமென்றால், அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒருமனதாகச் சொன்ன தீர்ப்பு இருக்கிறது.

விவசாயி அடையாள எண் எடுக்கத்தான் வேண்டுமா?

பட்டா உங்கள் பெயரில் இருந்தால் எடுத்துவிடுங்கள். பிஎம் கிசான் போன்ற திட்டங்களை அதோடு இணைத்துக்கொண்டு வருகிறார்கள். எடுக்காமல் ஒதுங்கி நின்று கொள்கை பேசுவது வசதி இருப்பவருக்குச் சரி. ஆண்டுக்கு 6,000 ரூபாயை எதிர்பார்த்து உரம் வாங்குகிறவருக்குச் சரிவராது.

எடுக்கும்போது இரண்டு விஷயம். பதிவு செய்கிறவர் திரையில் காட்டும் சர்வே எண், உட்பிரிவு, பரப்பளவு மூன்றையும் உங்கள் பட்டாவோடு ஒத்துப் பாருங்கள். சென்ட் ஹெக்டேராக மாறும் இடத்தில்தான் பிழை நுழையும். அடுத்தது, பதிவு எண் இருக்கும் ரசீதைக் கேட்டு வாங்குங்கள். “மெசேஜ் வரும்” என்று சொல்லி அனுப்பினால் நகராதீர்கள்.

ரப்பர் வெட்டி வெட்டிக் கைரேகையே தேய்ந்துவிட்டது. மெஷின் ஏற்கவில்லை என்கிறார்கள்.

பால்வெட்டும் தொழிலாளிக்கும் வயசானவர்களுக்கும் இது புதுசு இல்லை. பிஎம் கிசான் சரிபார்ப்புக்கு ஓடிபி, கைரேகை, 2023 ஜூன் முதல் முக அடையாளம் என்று மூன்று வழி உண்டு. ஒன்று விழவில்லை என்றால் அடுத்ததைச் செய்து தரச் சொல்லுங்கள். ஆதார் பற்றி உச்ச நீதிமன்றம் 2018இல் தந்த தீர்ப்பும் இதைத் தொட்டுப் பேசுகிறது: சரிபார்ப்பு தோற்றது என்பதற்காக உரியவர் பயனை இழக்கக் கூடாது.

நான் பாட்டத்துக்கு (குத்தகைக்கு) எடுத்து வாழை வைத்திருக்கிறேன். பட்டா வேறொருவர் பெயரில். இந்தப் பதிவேட்டில் நான் யார்?

இன்றைய நிலையில், பெரும்பாலும் யாரும் இல்லை. இந்தப் பக்கத்திலேயே முக்கியமான கேள்வி இதுதான், அதனால் கொஞ்சம் நீளமாகவே பார்ப்போம்.

விவசாயிகள் பதிவேடு நில ஆவணத்தின் மேல் கட்டப்பட்டது. நில ஆவணத்தில் உரிமையாளர் பெயர் இருக்கும். உழுகிறவர் பெயர் இருக்காது. பிஎம் கிசான் தொடக்கத்திலிருந்தே நிலம் வைத்திருக்கும் குடும்பங்களுக்கு மட்டும்தான். நாஞ்சில் நாட்டு வயல்களில் கோயில் நிலம் எவ்வளவு, வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருப்பவர் நிலம் எவ்வளவு என்று உள்ளூர்க்காரருக்குத் தெரியும். மேற்கே விளவங்கோடு, கல்குளம் பக்கம் வாழைக்கும் மரச்சீனிக்கும் (மரவள்ளி) விளையை, அதாவது தோட்ட நிலத்தை, பாட்டத்துக்கு எடுப்பது சாதாரணம். எழுத்தில் ஒன்றும் இருக்காது, வாய்ப்பேச்சும் முன்பணமும்தான். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் அடித்து வாழை தரைமட்டமானபோது நஷ்டப்பட்டவர் வைத்தவர். அதை நிரூபிக்க வேண்டிய தாளோ நிலத்துக்காரர் பெயரில். அப்படிப்பட்ட ஊரில் ‘நில ஆவணம்தான் விவசாயி’ என்று கணினி முடிவு செய்தால், பழைய அநியாயம் வேகமாக நடக்கும், அவ்வளவுதான்.

சட்டம் இல்லாமல் இல்லை. தமிழ்நாடு விவசாய நிலங்கள் குத்தகை உரிமைப் பதிவுச் சட்டம் 1969 முதல் இருக்கிறது. குத்தகைதாரர் பதிவு அலுவலரிடம் விண்ணப்பித்துத் தன் பெயரைப் பதிய முடியும். ஆனால் பதியப் போனால் அடுத்த வருஷம் நிலம் கிடைக்காது என்ற பயம்தான் உண்மையான தடை. அதை எந்தச் செயலியும் தீர்க்காது.

ஆந்திரா 2019இல் பயிர் சாகுபடியாளர் உரிமைச் சட்டம் ஒன்று கொண்டுவந்தது. பதினொரு மாத அட்டை. நில உரிமையில் கை வைக்காமல், பயிர்க்கடனும் காப்பீடும் நிவாரணமும் உழுகிறவருக்குப் போக வழி. அங்கேயும் உரிமையாளர் கையெழுத்துப் போட வேண்டும் என்பதால் பலர் வெளியே நின்றார்கள். குறை இருந்தாலும் கேட்க வேண்டியது அந்தத் திசையில்தான்: பயிர்ப் பதிவேட்டில் ‘சாகுபடி செய்பவர்’ என்று ஒரு தனிக் கட்டம், அதை நிரப்ப உரிமையாளர் கையெழுத்து இல்லாமல் அக்கம்பக்கத்தார் சாட்சியும் கிராம சபை உறுதியும் போதும் என்ற விதி.

பயிர்க் காப்பீட்டில் நிலைமை கொஞ்சம் மேல். பாட்டக்காரரும் பிரதமர் பயிர்க் காப்பீட்டில் சேரலாம். விஏஓ (கிராம நிர்வாக அலுவலர்) தரும் அடங்கல் என்ற பயிர்க் கணக்கில் உங்கள் சாகுபடி ஏறியிருக்கிறதா என்று பருவத் தொடக்கத்திலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

பட்டா இறந்துபோன அப்பா பெயரில் இருக்கிறது. அண்ணன் தம்பி தங்கை எல்லோருக்கும் பங்கு உண்டு.

முதலில் வாரிசுச் சான்று, பிறகு பட்டா மாறுதல். இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். கூட்டுப் பட்டாவாகத்தான் வரும் என்றால் அதில் பெயர் உள்ள ஒவ்வொருவரும் தனித்தனியே அடையாள எண் எடுக்கலாம். தங்கை பெயரை விட்டுவிட்டு ‘அப்புறம் பார்த்துக்கலாம்’ என்று பதிவு செய்யும் வழக்கம் இருக்கிறதே, அது இந்த முறையில் இன்னும் ஆபத்தானது. ஒருமுறை பூட்டிய பெயர்ப்பட்டியலே கடனுக்கும் நிவாரணத்துக்கும் மூலப்பட்டியல் ஆகிவிடும். வயலில் நாற்று நடுவதும் களை பறிப்பதும் பெண்கள், பதிவேட்டில் ஒரு ஆணின் பெயர் மட்டும் என்பது சட்டப்படியும் சரியில்லை. இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 2005 திருத்தத்துக்குப் பிறகு, அதற்கும் முன்பே 1989 தமிழ்நாட்டுத் திருத்தத்தின்படியும், இந்துக் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்குச் சம பங்கு உண்டு.

சேட்டிலைட் எல்லாவற்றையும் பார்க்கிறது என்கிறார்கள். என் முப்பது சென்ட் அதற்குத் தெரியுமா?

தெரியும், ஆனால் புரியுமா என்பது வேறு. இலவசமாகக் கிடைப்பதில் அதிகம் பயன்படும் ஐரோப்பியச் சென்டினல்-2 செயற்கைக்கோள் படத்தில் ஒரு புள்ளி என்பது தரையில் 10 மீட்டருக்கு 10 மீட்டர். சென்ட் கணக்கில் ஏறக்குறைய இரண்டரை. அப்படியானால் உங்கள் முப்பது சென்ட் பன்னிரண்டு புள்ளி. அதில் வரப்பை ஒட்டிய புள்ளிகள் பக்கத்துக்காரரோடு கலந்துவிடும். பஞ்சாப் கோதுமை வயலுக்கு இது தாராளம். நம் விளையில் மேலே தென்னை, இடையில் வாழை, மரத்தைப் பற்றிக்கொண்டு நல்லமிளகு, கீழே மரச்சீனி, மூலையில் ஒரு கிராம்பு. மேலிருந்து பார்க்கிற கண்ணுக்கு அது ஒரே பச்சை. ‘தென்னந்தோப்பு’ என்று எழுதிவிட்டுப் போகும். நாலு பயிரின் வருமானம் ஒரு பயிரின் கணக்காகிவிடும்.

இன்னொரு சிக்கல் மழை. தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டுமே பெய்யும் மாவட்டம் இது. கன்னிப்பூ (முதல் போக நெல்) வளரும் மாதங்களில் மேகம் விலகுகிற நாளைத் தேட வேண்டும். சாதாரணப் படக் கருவி மேகத்தைத் துளைக்காது. ரேடார் துளைக்கும், ஆனால் ரேடார் படத்தில் கலப்புப் பயிரைப் பிரித்தறிவது இன்னும் சிரமம்.

இது ஏட்டுச் சுரைக்காய் விவாதம் இல்லை. பிரதமர் பயிர்க் காப்பீட்டில் நெல்லுக்கும் கோதுமைக்கும் 2023 கரீஃப் பருவம் முதல் மகசூல் மதிப்பீட்டில் குறைந்தது 30 விழுக்காடு எடை தொழில்நுட்பக் கணிப்புக்குக் கொடுக்கப்படுகிறது. வானத்திலிருந்து வந்த எண் தப்பு என்று சொல்ல விவசாயிக்கு வழி இருக்க வேண்டும். மகசூலை அளக்கும் அறுவடைச் சோதனை உங்கள் ஊரில் நடக்கும் நாளைக் கேட்டுத் தெரிந்து, நாலு பேராகப் போய் நில்லுங்கள். வயலைத் தேதியோடு போட்டோ எடுத்து வையுங்கள்.

தரையில் நடக்கும் கணக்கெடுப்பும் பிழைக்கு அப்பாற்பட்டதல்ல. 2024 நவம்பரில் தமிழ்நாட்டில் மின்னணுப் பயிர்க் கணக்கெடுப்பு தொடங்கியபோது விஏஓக்கள் கூடுதல் சுமை என்று எதிர்த்தார்கள். வேளாண் கல்லூரி மாணவர்களை வயலுக்கு அனுப்பினார்கள். வேற்றூரிலிருந்து வந்த பிள்ளைக்கு எந்தச் சர்வே எண் எங்கே முடிகிறது என்று எப்படித் தெரியும்? அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. உங்கள் நிலத்தில் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று கேட்பது உங்கள் வேலை.

ரப்பர் தோட்டத்தை ஜிபிஎஸ் வைத்துக் குறிக்கிறார்கள். காட்டு நிலம் என்று பிடுங்கிவிடுவார்களோ?

பயம் நியாயமானது, காரணம் வேறு. ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் காடழிப்புத் தடுப்பு விதி ஒன்றைக் கொண்டுவந்தது. மாடு, கோக்கோ, காபி, எண்ணெய்ப்பனை, ரப்பர், சோயா, மரம் என்று ஏழு பொருள். 2020 டிசம்பர் 31க்குப் பிறகு காட்டை அழித்த நிலத்தில் விளைந்தது அல்ல என்று இடக்குறிப்போடு காட்டினால்தான் அங்கே விற்க முடியும். அமலாகும் தேதி இரண்டு முறை தள்ளிப்போயிருக்கிறது. அதற்குத் தயாராகத்தான் ரப்பர் வாரியம் தோட்டங்களைக் குறிக்கும் வேலையில் இறங்கியிருக்கிறது.

சிறு விவசாயி தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு வரி அந்த விதியில் இருக்கிறது. நாலு ஹெக்டேருக்கு மேல், அதாவது சுமார் பத்து ஏக்கருக்கு மேல் இருந்தால்தான் தோட்டத்தின் எல்லை முழுவதையும் வரைந்து கொடுக்க வேண்டும். அதற்குக் கீழே ஒரே ஒரு அட்சரேகை, தீர்க்கரேகைப் புள்ளி போதும். குமரியில் ரப்பர் வைத்திருக்கும் சிறு விவசாயிகள் இதற்குள் அடங்குவார்கள். வியாபாரியோ கம்பெனி ஆளோ எல்லை முழுவதையும் நடந்து அளக்கச் சொன்னால், பட்டா நகல், வங்கிக் கணக்கு, குடும்ப விவரம் எல்லாம் கேட்டால், எதற்கு என்று கேளுங்கள். ஷீட் விற்க அவ்வளவும் தேவையில்லை.

பழைய ரப்பரை வெட்டிவிட்டு மறுபடி ரப்பர் வைப்பது காடழிப்பு அல்ல. இதையும் சிலர் குழப்புகிறார்கள்.

அதே விதி, விளைந்த நாட்டின் நில உரிமை, தொழிலாளர் உரிமை, மனித உரிமை சட்டங்களின்படியும் பொருள் விளைந்திருக்க வேண்டும் என்கிறது. இதைப் பற்றி ஊரில் யாரும் பேசுவதில்லை. பால்வெட்டும் தொழிலாளியின் கூலியும் இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி. தோட்டத்தின் புள்ளியைக் குறிக்க நேரம் கிடைக்கிறவர்களுக்கு, அதில் வெட்டுகிறவரின் நிலைமையை எழுதவும் நேரம் கிடைக்க வேண்டும்.

காணி மக்களின் நிலம்?

பேச்சிப்பாறை, கோதையாறு மலைப்பகுதிப் பழங்குடிகளான காணிக்காரர்களுக்குப் பட்டா முறை பொருந்தாது. அவர்களுக்கான ஆவணம் வன உரிமைச் சட்டம் 2006இன் கீழ் வரும் உரிமைப் பத்திரம். பதிவேடு பட்டாவிலிருந்து மட்டும் தொடங்கினால் அவர்கள் விவசாயிகளே இல்லை என்றாகிவிடும்.

காணி மக்களிடமிருந்து தரவு எடுப்பது பற்றி ஒரு பழைய பாடமும் உண்டு. 1987இல் கேரளப் பக்கத்து அகத்தியமலையில் காணி வழிகாட்டிகள் விஞ்ஞானிகளுக்கு ஆரோக்கியப்பச்சை என்ற செடியைக் காட்டினார்கள். அதிலிருந்து ஜீவனி என்ற மருந்து உருவாகி 1995இல் கோயம்புத்தூர் நிறுவனம் ஒன்றுக்கு உரிமம் போனது. உரிமத் தொகை 10 லட்சம், விற்பனையில் 2 விழுக்காடு. இதில் பாதி காணி மக்களுக்கு என்று ஏற்பாடாகி, 1997இல் ஓர் அறக்கட்டளை அமைந்தது. உலகம் முழுக்க முன்மாதிரி என்று பேசப்பட்ட அந்த ஏற்பாட்டிலும், எல்லாக் காணி ஊர்களிடமும் கேட்டார்களா என்ற சர்ச்சை எழுந்தது. மட்டி வாழையை எப்படி வளர்ப்பது, எந்த மண்ணில் கிராம்பு நிற்கும் என்று இன்று செயலிகளுக்குச் சொல்லிக்கொடுப்பவர்களுக்கு அந்தப் பாதிகூட யாரும் பேசுவதில்லை.

என் நிலத்தின் தரவு என்னுடையதுதானே?

உங்கள் பெயரோடு இருக்கும்வரை ஓரளவு. 2023 தனிநபர் மின்தரவுப் பாதுகாப்புச் சட்டம் உங்களைப் பற்றிய தரவைப் பார்க்க, திருத்த, நீக்கக் கேட்க, புகார் செய்ய உரிமை தருகிறது. ஒப்புதல் கேட்கும் அறிவிப்பைத் தமிழிலும் கேட்டு வாங்கலாம். விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன. முக்கியக் கடமைகள் நடைமுறைக்கு வர அதிலிருந்து 18 மாதம்.

ஓட்டைகள் இரண்டு. மானியமோ சலுகையோ கொடுப்பதற்காக அரசு உங்கள் தரவைப் பயன்படுத்துவதற்கு 7ஆம் பிரிவு பெரிய கதவைத் திறந்து வைத்திருக்கிறது. அங்கே உங்கள் ஒப்புதல் பெயரளவுக்குத்தான். அடுத்தது, சட்டம் ஆளைக் காக்கிறது, ஏலாவை (வயல்வெளியை) காக்காது. பெயரை எடுத்துவிட்டு, ஒரு ஏலா முழுவதும் எப்போது அறுவடை, எவ்வளவு நெல் என்ற கணக்கை வியாபாரி கையில் கொடுத்தால் சட்டம் பேசாது. ஆனால் விலை பேசும்போது அந்தக் கணக்கு உங்களுக்கு எதிராகப் பேசும். 2021இல் மத்திய வேளாண் அமைச்சகம் மைக்ரோசாப்ட் உள்ளிட்ட பெரு நிறுவனங்களோடு புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்டபோது விவசாயி அமைப்புகள் எதிர்த்ததன் காரணம் இதுதான். தரவைத் திரட்டும் முன் விவசாயியிடம் கேட்கவில்லை.

ஒரு செயலி உடனே கடன் தருகிறது. போனில் எல்லாவற்றுக்கும் ‘அனுமதி’ கேட்கிறது.

கொடுக்காதீர்கள். ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பரில் வெளியிட்ட விதிப்படி கடன் செயலி உங்கள் போனின் தொடர்பு எண்கள், அழைப்புப் பட்டியல், கோப்புகள், படங்கள் எதையும் தொடக் கூடாது. கேட்கிறது என்றாலே அது ஒழுங்கான கடைக்காரர் இல்லை. ஒழுங்காகக் கட்டினால் வங்கியில் கிசான் கிரெடிட் கார்டில் 4 விழுக்காடு வட்டிக்கும், கூட்டுறவுச் சங்கத்தில் வட்டியில்லாமலும் பயிர்க்கடன் இருக்கும்போது இந்த வலையில் ஏன் விழ வேண்டும்? பிஎம் கிசான் பெயரில் வாட்ஸ்அப்பில் வரும் கோப்பையும் திறக்க வேண்டாம். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930க்கு அழையுங்கள்.

பக்கத்துத் தோட்டத்தில் ட்ரோன் மருந்து அடித்தால்?

இங்கே தேனீ வளர்ப்பவர் சொல்வதை முதலில் கேட்க வேண்டும். ரப்பர் இலையுதிர்த்துத் துளிர்க்கும் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் இளம் இலைக் காம்பில் சுரக்கும் தேனை நம்பித்தான் மார்த்தாண்டம் பக்கத்துத் தேன் தொழில் இருக்கிறது. அதே துளிர் காலத்தில்தான் சாம்பல் நோய்க்கு மருந்தும் அடிப்பார்கள். கைத்தெளிப்பானில் அடித்தால் அடிக்கிற இடத்தோடு நிற்கும். மேலிருந்து அடித்தால் காற்று தீர்மானிக்கும், ஆரல்வாய்மொழிக் காற்றைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. தோவாளையில் பூப் பறிக்கும் பெண்கள் விடியும் முன் வயலில் நிற்கிறார்கள்.

மேலிருந்து தெளிப்பதன் விலை என்ன என்பதற்குப் பக்கத்து மாநிலமான கேரளத்தின் காசர்கோடு சாட்சி. முந்திரித் தோட்டங்களில் 2000 வரை ஹெலிகாப்டரில் என்டோசல்பான் என்ற பூச்சிமருந்தைத் தெளித்தார்கள். உச்ச நீதிமன்றம் 2011இல் அதைத் தடை செய்தது, பாதிக்கப்பட்டவர்களுக்கு 5 லட்சம் ரூபாய் வழங்க 2017இல் உத்தரவிட்டது. ட்ரோன் தாழப் பறக்கும், அளவாக அடிக்கும் என்பது உண்மை. முதுகில் டேங்க் சுமந்து விஷத்தைச் சுவாசிக்கும் கூலித் தொழிலாளிக்கு அது விடுதலைதான். ஆனால் ஓட்டுபவரிடம் உரிமம் உண்டா, என்ன மருந்து, எந்த நாள், எந்த நேரம் என்பதைப் பக்கத்துக்காரருக்கும் தேனீக்காரருக்கும் முன்னமே சொல்லும் வழக்கத்தை ஊராட்சி கொண்டுவர வேண்டும்.

இயந்திரத்தைக் கம்பெனி தூரத்திலிருந்து நிறுத்திவிடும் என்கிறார்களே?

முடியும். 2022இல் உக்ரைனின் மெலித்தோபோலில் இருந்து ரஷ்யப் படையினர் எடுத்துப்போன ஜான் டீர் இயந்திரங்கள் தூரத்திலிருந்தே பூட்டப்பட்டன. அன்று கைதட்டினார்கள். தவணை தவறிய விவசாயிக்கும் அதே பொத்தான்தான். அமெரிக்காவில் கொலராடோ மாநிலம் 2023இல் விவசாய இயந்திரத்தைத் தானே பழுதுபார்க்கும் உரிமையைச் சட்டமாக்கியது. பவர் டில்லர் மட்டத்தில் நமக்கு இன்னும் பிரச்சனை வரவில்லை; புதிது வாங்கும்போது உள்ளூர் மெக்கானிக் திறக்கக்கூடிய வண்டியா என்று பாருங்கள்.

செயலியோ ஏஐயோ சொன்ன மருந்தை அடித்துப் பயிர் போனால் யார் பொறுப்பு?

இப்போதைக்கு நீங்கள். பரிந்துரை வந்த திரையைப் படம் எடுத்து வைத்தால் நுகர்வோர் ஆணையத்தில் பேச ஒரு பிடி கிடைக்கும். மருந்து விஷயத்தில் வேளாண் விரிவாக்க மையத்திலோ 1800-180-1551 கிசான் அழைப்பு மையத்திலோ ஒருமுறை கேட்டுவிட்டு அடியுங்கள்.

எங்கே போய்க் கேட்பது?

ஒரே ஆளாகப் போகாதீர்கள். நாகர்கோவிலில் ஆட்சியர் அலுவலகத்தில் மாதாமாதம் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் நாளில் மனுவாகக் கொடுத்து ஒப்புகை எண் வாங்குங்கள். பதில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய்க் கட்டணத்தோடு, என் சர்வே எண்ணுக்கு எந்தப் பயிர் பதிவாகியிருக்கிறது, யார் பதிந்தார், எந்தத் தேதியில் என்று மூன்றே கேள்வி கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும்.

கிராம சபை தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு முறை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. கடைசித் தேதி 1956இல் குமரி தமிழ்நாட்டோடு இணைந்த நாளும்கூட, அதனால் இங்கே மறக்காது. உங்கள் ஊரின் பயிர்ப் பதிவேட்டையும் பயனாளிப் பட்டியலையும் அந்தக் கூட்டத்தில் சத்தமாக வாசிக்க வேண்டும், பாட்டக்காரர் பெயர்களையும் சேர்த்து வாசிக்க வேண்டும் என்று தீர்மானம் போடுங்கள். தீர்மானப் புத்தகத்தில் எழுதியதைப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட வேண்டும். வெற்றுப் பக்கத்தில் கையெழுத்து வாங்கும் பழக்கம் இன்னும் சில ஊர்களில் இருக்கிறது.